படம் கழுவும் தண்ணீர்

கனமூலை,
2025.01.19

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன முறை கதைத்தபோது நடுவில் வைத்தது நீங்களா நானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உம்மாவின் நாற்பதாம் நாள் ஓதல் வெள்ளிக்கிழமை முடிந்தது. வந்தவர்கள் போனபின் சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினால் ஒரே முகம்தான் வருகிறது. மருந்து ஏற்றி ஏற்றிப் புருவம் கொட்டி, கன்னம் ஒட்டிப்போன கடைசி மாதங்களின் முகம். என் கைத்தொலைபேசியில் இருப்பதும் அந்த நாட்களில் எடுத்தவைதான். அதற்கு முன்பெல்லாம் யாராவது படம் எடுக்க வந்தால் உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடையாள அட்டையில் இருப்பவர் வேறு யாரோ போல. நோய்க்கு முன் உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நினைக்கப் பார்க்கிறேன். வருவதில்லை, வாப்பா. இவ்வளவு காலம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் ஜனாஸா வீட்டுக்கு வந்தது எனக்கு அன்று தெரியாது. நான் உள்ளே உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சாரா பெரியும்மாதான் பிறகு சொன்னார். “ஒன்ட வாப்பா வந்து கேற்றுக்கு அங்கால நின்டாரு. செய்னுலாப்தீன் போய் என்னவோ சொன்னான். மனுசன் அப்படியே திரும்பிட்டாரு.” மாமா என்ன சொன்னார் என்று பெரியும்மாவுக்குத் தெரியாது. மாமாவும் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். உம்மாவின் அந்தப் பழைய முகம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தொண்ணூறில் உம்மாவின் ஆட்கள் மன்னாரிலிருந்து தோணியில் வந்து கல்பிட்டியில் இறங்கியபோது ஒரு படமும் கூட வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எடுத்தவை இருந்தன. காதி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்து வந்த அன்று ஆல்பங்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினீர்கள். எனக்கு ஒன்பது வயது. கிணற்றடியில் நின்று பார்த்தேன். ஆனால் நெகடிவ்களை நீங்கள் எரிக்கவில்லை. விடுமுறைக்கு உங்களிடம் வரும்போதெல்லாம் எனக்குப் புதிதாகப் படம் போட்டுத் தருவீர்களே.

அவற்றில் ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. கண்டக்குழிக் கடற்கரை, எனக்கு நான்கு வயது, கவுன் போட்டு, ஒரு காலை மற்றக் காலின் மேல் ஏற்றி வைத்து நிற்கிறேன். என் கையை ஒரு கை பிடித்திருக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட கை. மணிக்கட்டோடு படம் முடிகிறது. நீங்கள் தந்த எல்லாப் படங்களும் இப்படித்தான். ஒன்றில் ஷோலின் நுனி. இன்னொன்றில் மணலில் ஒரு நிழல்.

சிலாபத்தில் ஒரு லெப்பில் இப்போதும் நெகடிவ் வாங்கிப் படம் போடுகிறார்களாம். எல்லாவற்றையும் அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுத்து, வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் மகள்
நஸ்ஹா


கண்டக்குழி,
2025.02.02

நஸ்ஹாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. பிழையில்லாமல் எழுதுகிறாய். அந்த ஒன்றாவது என்னிடமிருந்து வந்திருக்கிறது.

உன் மாமா கேற்றில் என்ன சொன்னான் என்று தெரியாதென்றாய். சொல்கிறேன். பாதையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்கத்தான் சொன்னான். “சேர், நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு பதினெட்டு வருசம். இப்ப நீங்க அவவுக்கு அந்நிய ஆம்புள. மையித்துட முகம் பாக்க ஒங்களுக்கு ஹக்கு இல்ல. படிச்ச மனுசன், இத நான் சொல்லியா ஒங்களுக்குத் தெரியணும்?” அவன் சொன்ன சட்டம் சரி. நான் வாதாடவில்லை. வந்த பஸ் திரும்பிப் போகுமுன் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தச் சட்டத்தை நானும் கைக்கொள்வதுதானே முறை? ஓர் அந்நியப் பெண்ணின் முகத்தை எடுத்துப் பார்க்கவும், தபாலில் அனுப்பவும் எனக்கு என்ன உரிமை? உன் மாமாவிடமே கேட்டு எழுது.

லெப் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏன் வீட்டில் படம் போடத் தொடங்கினேன் என்று உனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பெண்களைப் படம் எடுத்தால் அதைக் கழுவக் கொடுக்க வழியில்லை. புத்தளம் கடையில் எவனோ ஒருவன் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகங்களைக் கொடியில் காயப்போட்டு, போகிறவன் வருகிறவனெல்லாம் பார்ப்பான் என்று என் வாப்பா படமே வேண்டாமென்றார். அதனால்தான் கோழிக்கூட்டை ஒட்டிய அறையின் ஜன்னலுக்குத் தகரம் அடித்து, கொழும்பில் படம் பெரிதாக்கும் ஒரு பழைய என்லாஜர் வாங்கி வந்து வைத்தேன். என் சகோதரிகளின் முகத்தை அந்த அறைக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. உன் உம்மாவின் முகத்தையும்தான். அதைத்தான் இப்போது சிலாபத்து மேசையில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறாய்.

லெப்பில் ஒரு படத்தை யாரும் பார்ப்பதில்லை. இயந்திரம் வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிப் பிரித்து ஒரு சராசரி எடுத்துத் தள்ளும். கடலும் ஒரே சாம்பல், பிள்ளையும் ஒரே சாம்பல். அதற்கு மேல் நெகடிவை விரலால் பிடிப்பான், கீறுவான், தொலைப்பான், “நாளைக்கு வாங்க” என்பான். நான் ஒரு படத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் நின்றிருக்கிறேன். உன் கையிலிருக்கும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை போட்டேன். ஒரு காலின் மேல் மற்றக் காலை வைத்து நீ நிற்கும் அந்த நிலை அழகு என்பதற்காக. கையை வெட்டினால் உன் விரல்களும் போய்விடும். அதனால்தான் கை மிஞ்சியது. வேறு காரணம் தேடாதே.

உன் உம்மா காதியார் முன்னால் என்ன சொன்னாள் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? நான் அடித்தேன் என்று சொல்லவில்லை, குடித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. “இவருக்குப் படம் கழுவ நல்ல தண்ணி வேணும். நான் பள்ளிவாசல் கெணத்துலருந்து தூக்கிட்டு வரணும். எனக்கும் புள்ளைக்கும் குளிக்க உப்புத் தண்ணி” என்றாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள். காதியார் தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார். திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போகிறேன், கரும்பலகையில் ‘தண்ணி சேர்’ என்று எழுதியிருக்கிறது. அன்று பிறந்தே இராத பிள்ளைகளுக்கு இன்று நான் இரசாயனம் படிப்பிக்கிறேன். அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் பெயர் மஹ்ரூப் என்பதே இந்த ஊரில் பலருக்குத் தெரியாது.

அவள் போய்விட்டாள். அல்லாஹ் அவளுக்கு இரங்கட்டும். அவள் வைத்த பெயர் போகவில்லை.

நெகடிவ்கள் பிஸ்கட் டின்னில் மூடி இறுக்கிப் பத்திரமாக இருக்கின்றன. அவை வெளியே போகாது.

மஹ்ரூப்


கனமூலை,
2025.02.11

வாப்பாவுக்கு,

மாமா செய்தது பிழை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். இப்போது அவர் என்னோடு கதைப்பதில்லை. ஆக, இந்த ஊரில் என்னோடு கதைக்காதவர் ஒருவர், அந்த ஊரில் ஒருவர்.

அந்நியப் பெண் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவர் அந்நியம் இல்லை. நீங்கள் எதையும் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. டின்னைத் திறக்காமல் அப்படியே ஒரு பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பாவம் ஏதும் இருந்தால் அது என் கணக்கில் எழுதப்படட்டும்.

தண்ணீர்க் கதையை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நானும் அதில் இருக்கிறேன். உம்மாவின் ஒரு இடுப்பில் குடம், மற்ற இடுப்பில் நான். குடம் தளும்பி என் காலில் தெறிக்கும். எனக்கு அது விளையாட்டு. வீட்டுக்கு வந்ததும் உம்மா என்னை இறக்கிவிட்டு உங்கள் அறைக் கதவைத் தட்டுவார். “வைச்சிட்டுப் போ, வெளிச்சம் வருது” என்று உள்ளேயிருந்து உங்கள் குரல் கேட்கும். உம்மா குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். சபையில் சிரித்தவர்கள் கெட்டவர்கள்தான். ஆனால் உம்மா சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா?

இன்னொன்று. பிரிந்த பிறகு உம்மா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அதைப் பெருங்குணம் என்று சொல்ல வரவில்லை. உங்களைப் பற்றி ஒன்றுமே கதைக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அங்கே இவ்வளவு காலமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது ஆள் இல்லாத வீட்டோடு.

லெப்காரர் படத்தைப் பார்ப்பதே இல்லை என்று எழுதினீர்கள். அதனால்தான் அவர் யாரையும் வெட்டுவதும் இல்லை.

அனுப்புவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும்.

நஸ்ஹா


கண்டக்குழி,
2025.02.24

நஸ்ஹாவுக்கு,

இத்துடன் ஒரு துண்டு நெகடிவ் இருக்கிறது. ஆறு படங்கள். நான்காவதுதான் உன் கையிலிருக்கும் படம். மற்றவை தோணியும் வலையும். அடிக்கடி போட்ட படம் என்பதால் இது டின்னில் இருக்கவில்லை, என்லாஜர் மேசையின் லாச்சியில் தனியாகக் கிடந்தது.

நான்காவதில் எல்லாம் இருக்கிறது. நான் நெகடிவில் கத்தரி வைக்கிறவன் இல்லை. மணிக்கட்டுக்கு அப்பாலும் படம் உண்டு, ஆள் முழுதாக நிற்கிறாள்.

உன் லெப்காரனிடம் கொடு. அவன் இயந்திரம் என்ன தருகிறது என்று பார். அதற்குப் பிறகு எனக்கு லெப்பைப் பற்றி எழுது.

மஹ்ரூப்


கனமூலை,
2025.03.20

வாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நோன்போடு சிலாபம் போனேன். பஸ்ஸில் நெரிசல். உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

லெப்காரர் நல்ல மனிதர், சிங்களவர், உங்களுடைய வயதிருக்கும். நெகடிவை விரலால் பிடிக்கவில்லை. வெள்ளைக் கையுறை போட்டு ஓரத்தில் பிடித்தார். இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். உள்ளே போட்டதும் கணினித் திரையில் மேலிருந்து கீழாக அல்ல, பக்கவாட்டில் படம் வந்தது. முதலில் நான் வந்தேன். பிறகு என் கை. பிறகு அந்தக் கை. மணிக்கட்டு தாண்டியது. முழங்கை வந்தது, கை மடிப்பு வந்தது. காற்றில் ஷோல் பறக்கிறது. உம்மா இவ்வளவு உயரமா என்று நினைத்தேன். நான் அறிந்த உம்மா கூனிப்போனவர். பாவாடை நுனி நனைந்திருக்கிறது. செருப்பு இல்லை. கழுத்து வந்தது.

அதற்கு மேல் ஒன்றுமில்லை, வாப்பா. ஷோலின் வளைவுக்குள் வெள்ளை. கண் இல்லை, மூக்கு இல்லை. கடதாசியில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு வெள்ளை.

“நங்கி, இதில் முகம் இல்லையே, வெளிச்சம் மட்டும்தான்” என்றார் அவர் சிங்களத்தில். கொஞ்சம் கறுப்பாக்கிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வெள்ளை சாம்பலானது, சுண்ணாம்பு போன சுவர் மாதிரி. முகம் வரவில்லை. நெகடிவை விளக்கில் பிடித்து அந்த இடத்தைக் காட்டினார். கரி அப்பியது போல் கறுப்பு. அப்படியே ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னேன். பார்த்தவர் என்ன நினைத்தாரோ, கொடுத்த காசை வாங்கவில்லை.

நோன்பு திறந்தபின் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பெரியும்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “தலைல துணி ஈக்கி. வளையல் ஈக்கி. இவட முகம் எங்க?” என்றார். பிறகு, “ஸுல்பிகாட கைதான் இது” என்று சொல்லிவிட்டு அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார். மன்னாரிலிருந்து வரும்போது தன் தங்கச்சிக்குப் பதினைந்து வயது என்று போகும்போது சொன்னார். அவர் இந்த ரமழானில் என்னோடு கதைத்தது அது ஒன்றுதான்.

நீங்கள் இரசாயனம் படிப்பிப்பவர். நெகடிவில் அந்தக் கறுப்பு என்ன தரும், என்ன தராது என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள். டின் நிறைய இருக்க, இந்த ஒரு துண்டைத் தேடி எடுத்தது அதற்காகத்தான். நான் லெப்புக்கு ஓட வேண்டும், ஏமாந்து வர வேண்டும், வாப்பா சொன்னதுதான் சரி என்று எழுத வேண்டும்.

சரி. எழுதுகிறேன். வாப்பா சொன்னதுதான் சரி. நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

துண்டைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். இனி நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

நஸ்ஹா


கண்டக்குழி,
2025.05.04

நஸ்ஹா,

துண்டு பெருநாளுக்கு முந்திய வாரம் வந்து சேர்ந்தது. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். எழுதாமல்தான் இருந்தேன். இந்தப் பார்சலைத் திறக்குமுன் கடிதத்தைப் படி. கடதாசி மட்டைகளுக்கு நடுவில் இருப்பதை மடித்துவிடாதே.

நீ கேட்டதற்குப் பதில்: ஓம், தெரிந்துதான் அனுப்பினேன்.

பெருநாள் கழிந்து டின்னைத் திறந்தேன். முகம் சுலபமாக வரக்கூடிய வேறு நெகடிவைத் தேடிப் போட்டு அனுப்பினால் உன் வாயை அடைத்துவிடலாம் என்ற எண்ணம்தான், வேறில்லை. மூடி துருவோடு ஒட்டியிருந்தது. திருப்புளியால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே வினாகிரி மணம் அடித்தது. கடல் ஈரம் எப்படியோ போயிருக்கிறது. துண்டுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. ஊறப்போட்டுப் பிரிக்கலாம் என்று வாளியில் போட்டேன். படலம் கழன்று தண்ணீரோடு வந்தது. கல்யாண நாளில் எடுத்தவை, நுரைச்சோலைக் காணியில் எடுத்தவை, உன்னைப் பெற்று வீட்டுக்கு வந்த அன்று எடுத்தவை. வாளியில் பாசி மாதிரி மிதந்தது. கையை விட்டால் விரலில் ஒட்டியது.

லெப்காரன் கீறுவான், தொலைப்பான் என்று உனக்கு எழுதியிருந்தேன். பத்திரமாக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தேன். அந்த டின்னைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. மிஞ்சியது உன்னிடம் அனுப்பிய துண்டு மட்டும். அதையும் நான் சாதாரணத் தபாலில்தான் அனுப்பியிருந்தேன். நீ பதிவுத் தபாலில் அனுப்பினாய்.

நெகடிவில் கறுப்பு என்றால் வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்த இடம். அங்கே முகம் இல்லாமல் இல்லை. அதற்குள்தான் இருக்கிறது. அதைக் கடந்து தாளுக்கு வர வெளிச்சத்துக்கு நேரம் வேண்டும். உனக்குப் போதுமானதைக் கொடுத்தால் அவளுக்குப் போதாது. அவளுக்குப் போதுமானதைக் கொடுத்தால் நீ கறுத்துப்போவாய். அன்று நான் உன் மேல் விழுந்த வெளிச்சத்தை அளந்துதான் கெமராவை வைத்தேன். நீ ஷோலின் நிழலில் நின்றாய், அவள் வெயிலில் நின்றாள். அவளை நான் அளக்கவில்லை.

வீட்டில் செய்வதானால் வழி இருக்கிறது. முழுப் படத்துக்கும் வேண்டிய வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு மட்டையில் துளை போட்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்து, அந்தத் துளை வழியாக முகத்துக்கு மட்டும் திரும்பக் கொடுக்க வேண்டும். மட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் துளையின் வட்டம் படத்தில் விழுந்துவிடும். இதே கைகளால்தான் இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்தேன் என்பது மட்டையை அசைக்கும்போது நினைவுக்கு வந்தது. கை நின்றுவிட்டது. வயதும் ஒரு காரணம். தாள் பழையது, நாட்டில் இப்போது புதிது கிடைப்பதில்லை. முதலில் போட்டவற்றில் வட்டம் விழுந்தது. ஒன்றில் நெற்றி மட்டும் வந்தது. கிழித்துவிட்டேன். கடைசியாக இருந்த தாள்களுக்கு வந்த பிறகுதான் பொறுமை வந்தது.

நெகடிவில் யாருடைய முகமும் முகமாகத் தெரியாது. அதனால் டெவலப்பர் தட்டில் தாளைப் போடும்வரை உன் மாமாவின் சட்டத்தை நான் மீறவில்லை. தட்டை ஆட்டினேன். நீ வந்தாய். கடல் வந்தது. அவளுடைய கை, ஷோல். பிறகு புருவம் வந்தது. சிவப்பு விளக்கில் மெல்ல மெல்லத்தான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. திருப்பவில்லை.

அந்த நாளை நான் ஒரு நல்ல நாளாகவே வைத்திருந்தேன். அன்று அவள் சிரித்துக்கொண்டு நின்றாள் என்று காதியாரிடமும் சொன்னேன். “கடக்கரைல நிண்டு சிரிச்சவ, இப்ப உப்புத் தண்ணிக் கத சொல்றா” என்று சொன்னேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து என்னிடம் ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. காய்ந்த படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்து யோசித்தேன். பிறகு உன் கால்களைப் பார்த்தேன். நீயும் பார். அழகு என்று நான் திரும்பத் திரும்பப் போட்ட அந்தக் கால்கள். நடுப்பகல், மணல். உனக்குச் செருப்பில்லை. நீ கால் மாற்றி மாற்றி நின்றிருக்கிறாய்.

“போதும், புள்ளைக்குக் காலு சுடுது.” அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பெரியும்மாவிடம் காட்டு. முகத்தில் கொஞ்சம் சாம்பல் இருக்கும், அது தாளின் குறை. இடது கன்னத்தில் இருப்பது கறை இல்லை, மச்சம். அதை நான் மறந்திருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது.

ஒரு பிரதிதான் சரியாக வந்தது. அதை உனக்கு அனுப்புகிறேன். எனக்கென்று இங்கே வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள எனக்கு ஹக்கு இல்லை என்று உன் மாமா சொல்வான், சொல்லட்டும். நெகடிவையும் உள்ளே வைத்திருக்கிறேன். டின்னில் போட்டு மூடாதே.

ஒன்றுமட்டும் சொல்லி முடிக்கிறேன். ஹைப்போக் கரைசலிலிருந்து எடுத்த படத்தை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவாவிட்டால் சில வருடங்களில் மஞ்சளாகி முகம் போய்விடும். நம் கிணற்றுத் தண்ணீர் இப்போது வாயில் வைக்க முடியாத உப்பு. பள்ளிக் கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. அலுமாரிக்குப் பின்னால் கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தோளில் வைத்தேன், பாதி சட்டையில் ஊற்றியது. ஒரு குடம் காணாது. திரும்பப் போனேன். அதுவும் போதவில்லை, திரும்பவும் போனேன். அவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது.

அஸர் தொழுகை விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்னிடம் படித்த மஸாஹிர் பள்ளிப் படியில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான்.

“என்ன சேர், தண்ணியா?” என்றான்.

ஓம் என்றேன்.

வாப்பா